வெளிநாட்டுத் துணையோடு கொங்கு மண்ணுக்குத் திரும்ப: எக்ஸ்-2 விசா, ஓசிஐ, இ-எஃப்ஆர்ஆர்ஓ, கன்சல்டன்சி – எது தேறும்?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்து வெளிநாடு போய் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டவர்கள் பலர். அவர்களில் வெளிநாட்டுக் கணவரையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட நினைப்பவர்களுக்கு அரசு திறந்து வைத்திருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று எக்ஸ்-2 என்ற நுழைவு விசா. இன்னொன்று துணைவருக்கான ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியாவில் நீண்டகாலம் தங்க உதவும் அட்டை. இந்தியாவுக்குள் வந்த பிறகு விசா நீட்டிப்பு, பதிவு, முகவரி மாற்றம் எல்லாம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் (எஃப்ஆர்ஆர்ஓ) இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வழியாகத்தான். இவை போக, காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், அவிநாசி சாலையெங்கும் போர்டு மாட்டியிருக்கும் விசா கன்சல்டன்சிகள் இருக்கின்றன. நான்கையும் பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் அரசு வழி நன்றாகவே வேலை செய்கிறது, இடையில் ஆள் தேவையில்லை. காகிதம் ஒழுங்காக இல்லாவிட்டால் கன்சல்டன்சியாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கையிலிருக்கும் பணத்தையும் நேரத்தையும் கல்யாணப் பதிவு, அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் முத்திரை), பெயர்த் திருத்தம், முகவரிச் சான்று ஆகிய நான்கில் போடுங்கள்.

முதலில் ஒரு தெளிவு

"ஏனுங்க, ஓசிஐ வாங்கிட்டா இந்தியச் சிட்டிசனுந்தானுங்களே?" இந்தக் கேள்வி வராத நாளில்லை. இல்லீங்க. அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்பும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ என்பது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும், எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகவும் தங்கவும் இடம் தரும் அனுமதி. ஓட்டுரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய பூமி வாங்கும் உரிமையும் கிடையாது. "இரட்டைக் குடியுரிமை கார்டு வாங்கித் தருகிறோம்" என்று ஒரு அலுவலகத்தில் சொன்னால், அடிப்படையே தெரியாதவர்கள் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சரண்டர் சான்றிதழ் இல்லாமல் ஓசிஐ விண்ணப்பம் நகராது. வெளிநாட்டுக் குடியுரிமை வந்த பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொண்டு பயணம் செய்திருந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். அதை மறைக்காமல் கட்டி முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போவதுதான் உத்தமம்.

உண்மையிலேயே இரண்டு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்: பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும், அமெரிக்காவும் கனடாவும் என்று. துணைவர் அப்படிப்பட்டவராக இருந்தால், விசா படிவத்தில் வேறு பாஸ்போர்ட் உண்டா என்று ஒரு கேள்வி வரும். உண்டு என்றால் உண்டு என்றே எழுத வேண்டும். எந்தப் பாஸ்போர்ட்டில் விண்ணப்பிப்பது? கல்யாணச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் பெயர் உள்ள பாஸ்போர்ட்டில். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால், காலாவதி தேதி தூரமாக உள்ளதில். விசாக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் குறைந்த கட்டணத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. பின்னால் பெயர் பொருந்தாமல் அலைவதற்கு அந்த மிச்சம் ஈடாகாது. விசா ஒட்டிய பாஸ்போர்ட்டிலேயே உள்ளே வந்து, அதிலேயே வெளியே போக வேண்டும்.

கல்யாணப் பதிவு: எல்லாம் இந்தத் தேதியில்தான் இருக்கிறது

துணைவருக்கான ஓசிஐ பற்றிக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு கேட்பது: கல்யாணம் பதிவாகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் நிலைத்திருக்க வேண்டும். தாலி கட்டிய தேதியிலிருந்தா, பதிவுத் தேதியிலிருந்தா என்று வாதம் பண்ணிக்கொண்டிருக்காமல், பதிவுத் தேதியிலிருந்து எண்ணுங்கள். அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. கல்யாணம் முடித்துப் பல வருடம் பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு, ஓசிஐக்கான காத்திருப்பு பதிவு செய்யும் நாளில்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வெளிநாட்டில் பதிவான கல்யாணம் என்றால் வேலை சுலபம். அந்தச் சான்றிதழுக்கு அதைக் கொடுத்த நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். அமெரிக்காவில் கல்யாணம் நடந்த மாநிலத்தின் செயலர் அலுவலகத்தில், பிரிட்டனில் வெளியுறவு அலுவலகத்தின் சட்டச் சான்றுப் பிரிவில், ஆஸ்திரேலியாவில் வெளியுறவுத் துறையில். கனடாவில் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2024 ஜனவரி 11-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கனடா காகிதங்களில் பழைய முறைத் தூதரகச் சான்று இருக்கும், குழம்ப வேண்டாம். பிரெஞ்சு, ஸ்பானிஷ் சான்றிதழ் என்றால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் அங்கேயே முடித்துக்கொண்டு வாருங்கள். மூட்டை முடிச்சோடு கோவையில் இறங்கிய பிறகு, அப்போஸ்டிலுக்காக மூலச் சான்றிதழைக் கூரியரில் திருப்பி அனுப்பிக் காத்திருப்பவர்கள் நிறைய. வெளிநாட்டுக் காகிதத்துக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் போடாது.

ஊரில் வைத்துக் கல்யாணம் செய்பவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். பேரூரிலோ மருதமலையிலோ சென்னிமலையிலோ தாலி கட்டி, கோயில் ரசீதும் மண்டபத்துப் படமும் வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போவார்கள். இந்துத் திருமணச் சட்டம், 1955 இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்றால், சடங்கெல்லாம் முறைப்படி நடந்திருந்தாலும் அந்தச் சட்டத்தில் பதிய முடியாது. மதம் மாறியதாக அவசரத்தில் ஒரு சான்று வாங்கிப் பதிவு செய்யச் சொல்லும் ஆட்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். இரண்டு வருடம் கழித்து நடக்கும் ஓசிஐ நேர்முகத்தில் இருவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

சரியான வழி சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் பலகையில் ஒட்டியிருக்கும். ஆட்சேபணை வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது காலாவதியாகி, மறுபடியும் முதலிலிருந்து. ஆக, தங்குவதற்கு 30, நோட்டீஸுக்கு 30 என்று குறைந்தது இரண்டு மாதம். இ-டூரிஸ்ட் விசாவில் பல நாட்டவருக்கு ஒரு முறை வந்தால் 90 நாள்தான் அனுமதி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவருக்கு மட்டும் 180. இந்தக் கணக்கைப் போட்ட பிறகே மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள். ஓசிஐ வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒரு மாதம் முன்னதாகவே வந்து தங்கிவிட்டால், வெளிநாட்டுத் துணையின் நாட்கள் மிச்சமாகும்.

கோயிலில் ஏற்கெனவே முடிந்த கல்யாணத்தையும் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதியலாம். அப்போது இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவருமே 30 நாள் மாவட்டத்தில் தங்கியிருக்க வேண்டும், 30 நாள் நோட்டீஸும் உண்டு. சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் ஏறிய தேதியிலிருந்துதான் அது சிறப்புத் திருமணச் சட்டக் கல்யாணம்.

இரண்டு பேருமே வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சில சார்பதிவாளர்கள் தயங்குவார்கள். சட்டத்தின் 4-ஆம் பிரிவு "எந்த இரு நபர்களும்" என்றுதான் சொல்கிறது, இந்தியக் குடிமகன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மரியாதையோடு காட்டினால் பெரும்பாலும் வழி பிறக்கும். வெளிநாட்டுத் துணை ஏற்கெனவே மணமானவர் இல்லை என்பதற்கு அவர் நாட்டுத் தூதரகச் சான்றோ உறுதிமொழிப் பத்திரமோ கேட்பார்கள். விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் வேண்டும். இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டுதான் நோட்டீஸே கொடுக்க வேண்டும்.

எக்ஸ்-2 விசா: நல்ல தொடக்கம், வேலைக்கு உதவாது

கல்யாணமாகி இரண்டு வருடம் நிரம்பாதவர்களுக்கு இதுதான் வழி. இந்தியக் குடிமகன் அல்லது ஓசிஐ வைத்திருப்பவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படுவது. வசிக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் வாங்க வேண்டும். ஐந்து வருடம் வரை தர இடமுண்டு, எவ்வளவு தருவது என்பது தூதரகத்தின் கையில். ஒரு வருடம்தான் கொடுத்தார்கள் என்று மனம் தளர வேண்டாம், உள்ளே வந்து நீட்டித்துக்கொள்ளலாம்.

"டூரிஸ்ட் விசாவில் வந்துருங்க, இங்க வந்து மாத்திக்கலாம்" என்று சொல்வதை நம்பி வராதீர்கள். இ-டூரிஸ்ட் விசாவை நீட்டிக்க முடியாது, மாற்றித் தருவார்கள் என்ற உறுதியும் இல்லை. கடைசியில் திரும்பிப் போய்த்தான் எக்ஸ்-2 வாங்க வேண்டி வரலாம். இரண்டு விமானச் செலவும் இரண்டு மாத அலைச்சலும் மிஞ்சும்.

விசா ஒட்டின் அடியிலிருக்கும் சின்ன வரியைக் கட்டாயம் படியுங்கள். வந்து 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தால் அதே கணக்கு. ஒவ்வொரு முறையும் 180 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று இருந்தால், நிரந்தரமாக இருக்க வந்தவர்கள் 180 நாள் முடிவதற்கு வெகுமுன்பே பதிவுக்குப் போட்டுவிட வேண்டும்.

இதன் பெரிய குறை, வேலை பார்க்கும் உரிமை இதனோடு வராது என்பது. திருப்பூரில் ஒரு பையிங் ஹவுஸிலோ கோவையில் ஒரு ஐடி நிறுவனத்திலோ துணைவருக்கு வேலை காத்திருந்தால், அதற்குத் தனி வழி பார்க்க வேண்டும். வேலை விசாவுக்குப் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் சம்பளம். ஆங்கிலம் அல்லாத மொழி ஆசிரியர், தம் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர் போன்ற சிலருக்கு இதில் விலக்கு உண்டு. துணைவரின் சம்பளம் வந்தால்தான் குடும்பம் ஓடும் என்ற நிலையில் இருப்பவர்கள், இரண்டு வருடம் முடியும்வரை அங்கேயே இருந்து ஓசிஐயோடு வருவதே மேல் என்பது எங்கள் கருத்து. மற்றவர்களுக்கு எக்ஸ்-2 போதும்.

இ-எஃப்ஆர்ஆர்ஓ: தளம் நல்லது, முகவரிச் சான்றில்தான் சறுக்கல்

2018-இல் வந்த இந்த இணைய சேவைக்கு முன்பு, ஒவ்வொரு முத்திரைக்கும் அலுவலகப் படியேற வேண்டியிருந்தது. இப்போது கொங்கு மாவட்டத்துக்காரர்கள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அனுமதியும் பிடிஎஃப் ஆக மின்னஞ்சலுக்கு வந்துவிடுகிறது. நம் பகுதி சென்னை எஃப்ஆர்ஆர்ஓ-வின் கீழ் வருகிறது. நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் அலுவலகம். நேரில் வா என்று கூப்பிட்டால்தான் போக வேண்டும். அதிகாலை ரயிலில் ஏறினால் நண்பகலுக்குச் சென்னை. கட்டணமும் நிலவரமும் திரையிலேயே தெரிகிறது. ஒரு அரசுச் சேவையாக இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கான காரணங்களைப் பார்த்தால், பெரும்பாலும் முகவரியில்தான் வந்து நிற்கும். நம் ஊர்க் கூட்டுக்குடும்ப வீடுகளில் மின் இணைப்பு தாத்தா பேரில், வீட்டு வரி பெரியப்பா பேரில், பத்திரம் இன்னும் பாகம் பிரிக்காமல் கிடக்கும். "எல்லாம் ஒரே குடும்பந்தானுங்க" என்று சொன்னால் இணையதளத்துக்குப் புரியாது. காலமானவர் பேரில் உள்ள கரண்ட் பில்லை ஏற்றினால் திரும்பி வரும். வருவதற்கு மூன்று மாதம் முன்பே மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள், சொத்து வரி ரசீதிலும் பெயரை மாற்றுங்கள். நேரமில்லை என்றால், உயிரோடிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரோடு முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் போட்டு, அவருடைய வரி ரசீதும் அடையாளச் சான்றும் சேர்த்து ஏற்றுங்கள். தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்குக் கதவு எண் இல்லாத பிரச்சினையும் உண்டு. ஊராட்சியில் வரி விதிக்கச் சொல்லி எண் வாங்கிவிட்டே தொடங்க வேண்டும்.

அடுத்த சறுக்கல் சி-ஃபாரம். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டல்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருமகளை வீட்டில் வைத்திருக்கும் மாமனாரும் தங்க வைப்பவர்தான். தனி வீட்டுக்காரர் என்ற பிரிவில் அவர் பேரில் கணக்குத் தொடங்கி, வீட்டுச் சான்றை ஏற்றி, அது ஏற்கப்பட்ட பிறகுதான் ஃபாரம் போட முடியும். விமானம் இறங்கிய இரவில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கினால் 24 மணி நேரம் போதாது. வருவதற்குச் சில வாரம் முன்பே இதை முடித்து வையுங்கள். 1939, 1946 ஆண்டுகளின் பழைய சட்டங்கள் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. ஃபாரத்தின் பெயரும் எண்ணும் மாறியிருந்தாலும் கடமை அதேதான்.

ஏற்ற வேண்டியவை: பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசாப் பக்கம், வந்திறங்கிய முத்திரைப் பக்கம், சி-ஃபாரம் நகல், முகவரிச் சான்று, கல்யாணச் சான்றிதழ், ஊர்க்காரரின் ஓசிஐயும் பாஸ்போர்ட்டும், அவர் கையெழுத்திட்ட பொறுப்பேற்புக் கடிதம். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பில் கோக்காமல், தளம் கேட்கும் கட்டத்தில் கேட்டதை மட்டும் வையுங்கள். போனில் எடுத்த படத்தில் விரல் நிழல் விழுந்து முத்திரைத் தேதி தெரியாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. பத்து ரூபாய் கொடுத்து ஸ்கேன் எடுத்துவிடலாம்.

பிறகு உள்ளூர்க் காவல் துறையிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் ஆணையர் அலுவலகம், மற்ற இடங்களில் மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகம் வழியாக. இருவரும் வீட்டில் இருக்கும் நேரத்தைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். நகல்கள் இரண்டு செட் தயாராக இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்பதால், பக்கத்து வீட்டாருக்கு மருமகளையோ மருமகனையோ முன்பே அறிமுகப்படுத்தி வைப்பது நல்லது.

துணைவருக்கான ஓசிஐ: காத்திருந்தால் பலன் பெரிது

கையில் வந்துவிட்டால் இதற்கு இணை வேறில்லை. எத்தனை வருடம் தங்கினாலும் பதிவு வேண்டாம், தனியார் வேலை பார்க்கலாம், தொழில் நடத்தலாம். பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் போன்றவற்றுக்கு மட்டும் 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி தனி அனுமதி வேண்டும். முகவரியோ தொழிலோ மாறினால் எஃப்ஆர்ஆர்ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்காது என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். துணைவரோ, அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி எவரேனுமோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் ஓசிஐ இல்லை. பிரிட்டனில் பிறந்து வளர்ந்த துணைவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். பிறந்த நாடு பிரிட்டன் என்பது இதற்கு உதவாது. அதேபோல் வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது.

வெளிநாட்டில் விண்ணப்பித்தால் கட்டணம் 275 அமெரிக்க டாலர். இந்தியாவில் 15,000 ரூபாய். டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் இங்கே போடுவதுதான் மலிவு. ஆனால் இங்கே போட ஆறு மாதம் தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும், சுற்றுலா விசாவில் இருப்பவர் போட முடியாது. எக்ஸ்-2-இல் வந்து இரண்டு வருடம் முடித்தவர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும். சாதாரண ஓசிஐயைவிட இது தாமதமாகும், ஏனென்றால் பாதுகாப்பு அனுமதி கட்டாயம். மாதக்கணக்கில் ஆகும் என்று எண்ணிக்கொண்டு, அதுவரை எக்ஸ்-2 காலாவதியாகாமல் நீட்டித்துவிடுங்கள். ஓசிஐக்குப் போட்டிருக்கிறோம் என்பது விசா இல்லாமல் தங்குவதற்கு அனுமதியாகாது.

படத்தில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். ஓசிஐக்கு இரண்டு அங்குலச் சதுரப் படம் வேண்டும், பின்புலம் வெள்ளையாக இருக்கக் கூடாது, வெளிர் நிறமாக இருக்க வேண்டும். நம் ஸ்டுடியோக்களில் பாஸ்போர்ட் படம் என்றதும் வெள்ளைத் துணியைக் கட்டி நீள்சதுரமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அளவைச் சொல்லி எடுங்கள். கையெழுத்துப் படம் உயரத்தைப் போல் மூன்று மடங்கு அகலம் இருக்க வேண்டும்.

பெயரில் வரும் வில்லங்கம் நம்மவர்களுக்கே உரியது. பள்ளிச் சான்றில் "க. செந்தில்குமார்", பழைய பாஸ்போர்ட்டில் "செந்தில்குமார் கந்தசாமி", வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் கந்தசாமி குடும்பப் பெயர். தாத்தாவின் பட்டாவில் "பழனிசாமிக் கவுண்டர்", அப்பாவின் ஆவணத்தில் வெறும் பழனிசாமி. ஆங்கிலத்தில் எழுதும்போது சாமிக்கு இரண்டு மூன்று எழுத்துமுறை. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இவை மூன்று நான்கு ஆட்களாகத் தெரியும். எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒவ்வொரு வடிவத்தையும் வரிசையாக எழுதி, எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்று குறித்து, நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுவிடுங்கள். தமிழ் ஆவணங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்க்கும்போது, மொழிபெயர்ப்பாளர் புதிதாக ஐந்தாவது எழுத்துமுறை ஒன்றைக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்துக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். ஒன்றாக வாழ்கிறார்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இருவர் பேரிலும் உள்ள வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வருடவாரியான குடும்பப் படங்கள், சேர்ந்து போன பயணச் சீட்டுகள் போதுமான சான்று. கல்யாண ஆல்பம் ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு போகாதீர்கள்.

விவாகரத்தானால் துணைவருக்கான ஓசிஐ ரத்தாகும், அட்டையை ஒப்படைக்க வேண்டும். இது வாழ்க்கையை ஊரிலேயே ஊன்றப் போகும் வெளிநாட்டுத் துணை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஊர்க்காரர் இதை அவரிடம் சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை.

பூமி வாங்கும் ஆசை

திரும்பி வருகிறவர்களில் பாதிப்பேர் மனதில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். வீட்டு மனை, வீடு, அப்பார்ட்மென்ட் தாராளமாக வாங்கலாம். மனை என்று புரோக்கர் சொன்னால் போதாது, லே-அவுட் ஒப்புதலையும் நில வகை மாற்றத்தையும் சிட்டாவோடு வைத்துப் பாருங்கள். புஞ்சை என்றே இருந்தால் விலகிவிடுங்கள். மச்சான் பேரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை பினாமிச் சட்டத்துக்குள் கொண்டுபோய் விடும். ஓசிஐ இல்லாத, வெளிநாட்டிலேயே வசிக்கும் துணைவர், கல்யாணம் பதிவாகி இரண்டு வருடமாகியிருந்தால், ஓசிஐக்காரரோடு கூட்டாக ஒரே ஒரு சொத்து, அதுவும் விவசாய நிலமல்லாதது, வாங்க 2019-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருகின்றன. பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும்.

வரிக்கு ஒரு வார்த்தை: நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வரிக் கணக்கில் இந்திய வாசி ஆகிவிடுவீர்கள். முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டு வாசியாக இருந்தவருக்கும், முந்தைய ஏழு வருடத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே இராதவருக்கும் தொடக்கத்தில் சலுகை நிலை உண்டு. வெளிநாட்டுத் துணைக்கும் இது பொருந்தும். வரும் மாதத்தை ஆடிட்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் இணையருக்கு இந்தியாவில் துணைவர் விசா என்று ஒன்று கிடையாது. ஒரே பாலினத் திருமணத்தை இந்தியச் சட்டம் ஏற்கவில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. இவர்கள் ஒவ்வொருவரும் தம் தகுதியில் வேலை, படிப்பு, தொழில் விசாவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்தனை வழிகள் இருக்கும் ஒரு முறையில் இவர்களுக்கு ஒரு வாசலும் இல்லாதது வருத்தம் தருகிறது.

கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்கலாமா?

படிவம் நிரப்புவது, படம் சரிசெய்வது, அப்பாயின்ட்மென்ட் போடுவது – இதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளை ஒன்று இருந்தால் போதும். கொடுக்க வேண்டிய நேரங்கள் இவை: துணைவருக்கு முந்தைய விசா மறுப்போ கூடுதல் நாள் தங்கலோ இருந்தால், பாகிஸ்தான் அல்லது வங்கதேசப் பூர்வீகம் இருந்தால், முந்தைய விவாகரத்துத் தீர்ப்பு வேறு நாட்டில் ஆகியிருந்தால், முதல் கல்யாணத்துப் பிள்ளையைக் கூட்டி வருவதாக இருந்தால். இவற்றுக்கும் கன்சல்டன்சியைவிட, குடியுரிமை விவகாரம் பார்க்கும் வக்கீல் மேல்.

போவதென்றால் சிலவற்றில் உறுதியாக இருங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் போன் எண்ணும்தான் இருக்க வேண்டும். அவர்களுடையதைப் போட்டுவிட்டால், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் உங்கள் கண்ணிலேயே படாது, கெடு முடிந்து விண்ணப்பம் மூடப்பட்ட பிறகுதான் தெரியும். அரசுக் கட்டணமும் அவர்கள் கூலியும் தனித்தனியாக ரசீதில் இருக்க வேண்டும். மூலப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வரக் கூடாது. நிரப்பிய படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வேறு பாஸ்போர்ட், முந்தைய மறுப்பு ஆகிய கேள்விகளுக்கு வேகத்தில் "இல்லை" என்று தட்டிவிடுவது இங்கே பரவலாக நடக்கும் தவறு. அந்த ஒரு பொய்த் தகவலே பின்னாளில் ஓசிஐயை ரத்து செய்யக் காரணமாகலாம், கையெழுத்து உங்களுடையது.

அட்டை வந்த பிறகு எஞ்சியிருப்பது ஒரு வேலைதான். துணைவர் ஒவ்வொரு முறை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதும், புதியது கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும், புதிய படத்தையும், கல்யாணம் நிலைத்திருக்கிறது என்ற உறுதிமொழியையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.